பிரிவும் பற்றுவரவும்

பொன்முடி என்றதும் நம் மன்றத்தாருக்கு நினைவுக்கு வருவது இன்பச் செலவு. கல்லாற்றில் கால் நனைத்து, 22 கொண்டை ஊசி வளைவுகளையும் உரக்க எண்ணிக்கொண்டே ஏறி, உச்சியில் மஞ்சு வந்து மூடியதும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூவி, மாலைப் பேருந்தில் தொண்டை கட்டித் திரும்புவோம். சென்ற ஆண்டும் அப்படித்தான் திரும்பினோம். வளைவுகளை எண்ணுகிறவர்கள் பக்கத்துச் சரிவைப் பார்ப்பது அரிது. அங்கே தேயிலைச் செடிகளுக்கு நடுவே வரிசையாக லயங்கள் தெரியும். அவற்றுள் ஒன்றில் என் அத்தை இருக்கிறாள்.

இவ்வாண்டு மலருக்குப் பொன்முடியைப் பற்றி எழுதித் தருக என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, அவர்கள் எதிர்பார்த்தது மலையையும் மஞ்சையும்தான் என்பதை நான் அறிவேன். எனக்கோ பொன்முடி என்றால் அத்தையின் வங்கிப் புத்தகம். இளங்கலை படித்த மூன்றாண்டும் அவளுக்கு எழுத்துவேலை பார்த்தவள் நான். விண்ணப்பம் எழுதினேன், நகல் எடுத்தேன், நெடுமங்காட்டு நீதிமன்ற வராந்தாவில் அவளோடு காத்திருந்தேன். ஒரு மணவாழ்வு முறியும்போது பணம் எந்த வழியாகப் போகிறது, எதை எப்போது செய்தால் அதைத் தடுக்கலாம் என்பதை அங்கேதான் கற்றேன். நம்மில் பலர் இன்னும் சில ஆண்டுகளில் மணமாலை சூடப் போகிறவர்கள். திருமண வாழ்த்துப்பா எழுத நம் மன்றத்தில் பத்துப் பேர் இருக்கிறார்கள். இந்தக் கணக்குத் தெரிந்தவர் எத்தனை பேர்?

அத்தை தோவாளைப் பக்கத்துப் பெண். 1998-இல் மாமாவைக் கைப்பிடித்து மலை ஏறினாள். இருவரும் ஒரே தோட்டத்தில் தொழிலாளர்கள். ஒரு மகள், ஒரு மகன். 2021-இல் ஓணம் கழிந்த வாரம் மாமா பெட்டியோடு இறங்கிப் போனார், திரும்பவில்லை. ஏன் போனார் என்பதை இங்கே எழுத மாட்டேன். அது அவர்கள் இருவருக்கும் உரியது. நான் எழுத வந்தது அதற்குப் பின் நடந்த பற்றுவரவை மட்டுமே.

அவர் போன மூன்றாம் நாள் அத்தை அரிசி வாங்கப் பணம் எடுக்கப் போனாள். இருவர் கூலியும் ஓணத்துப் போனசும் சேர்ந்து கணக்கில் 1,84,000 ரூபாய் இருந்திருக்க வேண்டும். மகளின் செவிலியர் படிப்புக்கென்று சேர்த்தது. புத்தகத்தில் பதிந்து வந்த எண் 1,140. அத்தை அதைக் கண்ணாடி போட்டுப் பார்த்தாள், கழற்றிவிட்டுப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: “மக்களே, ரெண்டு பேரு பேருல உள்ளத ஒருத்தரு எடுத்தா அது களவு இல்லியா?”

இல்லை. கணவனும் மனைவியுமாகத் திறக்கும் கூட்டுக் கணக்குகளில் பெரும்பாலானவை ‘இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியிருப்பவர்’ என்ற முறையில் இருப்பவை. யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டாலே முழுப் பணத்தையும் வங்கி கொடுத்துவிடும். மற்றவரைக் கேட்க வேண்டியதில்லை. வீட்டில் இணக்கம் இருக்கும்வரை இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. பிணக்கு வந்தால் முந்திக்கொண்டவர் கையில் பணம். எனினும் ஒரு வழி உண்டு. கணக்கில் பெயருள்ள எவரும் வங்கி மேலாளருக்கு, ‘எங்களுக்குள் வழக்கு உண்டாகியிருக்கிறது, இனி இருவர் கையெழுத்தும் இல்லாமல் பணம் தர வேண்டா’ என்று எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை பெற்றுக்கொண்டால், வங்கி அந்தக் கணக்கை நிறுத்திவைக்கும். அத்தை கையில் 1,140 ரூபாய்தான் எஞ்சியிருந்தது என்றாலும் அந்தக் கடிதத்தைக் கொடுத்தோம். அடுத்த மாதக் கூலி அந்தப் பள்ளத்தில்தானே வந்து விழும்!

அன்றே வேறொரு வங்கியில் அவள் பெயரில் மட்டும் கணக்குத் திறந்து, இனிக் கூலியை அங்கே போடும்படி தோட்ட அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தாள். பழைய கணக்கோடு சேர்த்திருந்த கைப்பேசி எண் மாமாவுடையது என்பது அப்போதுதான் தெரிந்தது. இரகசிய எண் எல்லாம் அவர் கைப்பேசிக்குப் போகும். இவள் ஐந்து ரூபாய் எடுத்தாலும் அவருக்குச் செய்தி போகும். நம் நண்பர்கள் பூட்டு மாட்டுவதைப் பற்றி நிறையப் பேசுவார்கள். சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இனி, படித்தவர்களும் பிழையாக எண்ணியிருக்கும் ஒன்றுக்கு வருகிறேன். மணமுறிவு என்றால் சொத்தில் பாதி மனைவிக்கு என்று நம்மவர் பலர் நம்புகிறார்கள். வெளிநாட்டுத் திரைப்படங்களின் கைங்கரியம் போலும். நம் நாட்டில் அப்படி இல்லை. கோவாவில் மட்டும், போர்ச்சுக்கீசியர் காலத்து 1867-ஆம் ஆண்டுச் சிவில் சட்டத்தின் வழிவந்த முறைப்படி, வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளாத தம்பதியரின் உடைமை இருவருக்கும் பொது. பிரிந்தால் பாதி பாதி. மற்ற இடங்களில் எது யார் பெயரில் இருக்கிறதோ அது அவருடையது. கணவன் பெயரில் வாங்கிய மனைக்கு மனைவி கால் நூற்றாண்டு கொழுந்து கிள்ளிப் பணம் கொடுத்திருந்தாலும், கொடுத்ததற்குச் சான்று வேண்டும். கணவன் இறந்தால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி முதல் வகுப்பு வாரிசு. அவன் உயிரோடிருந்து மணம் முறிந்தால் அந்த வாரிசுரிமையும் போய்விடும். எஞ்சுவன மூன்று: தன் பெயரில் உள்ளது, தன் சீதனம், நீதிமன்றம் விதிக்கும் ஜீவனாம்சம்.

இதை வக்கீல் அம்மையார் விளக்கியபோது அத்தைக்கு வியப்பு ஏற்படவில்லை. “நம்ம ஊருல அந்தக் காலத்துல அதுவும் கெடையாதே” என்றாள். உண்மைதான். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள் வழி நிலவிய நாளில் ஒருவன் சொத்து அவன் சகோதரி மக்களுக்குப் போகும். மனைவி மக்களுக்கு உகந்துடைமை என்ற பெயரில் ஒரு சிறு பங்குதான். ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்ட ஒருத்தியின் வாயிலாகக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அந்த அவலத்தை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ என்று பாடினார். நகைச்சுவை நூல் என்று நாம் பாடத்தில் படித்துச் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்புக்கு ஒரு பயன் விளைந்தது. 1926-இல், சேது லட்சுமி பாய் திருவிதாங்கூரின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தபோது, நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து சொத்து மக்கள் பக்கம் திரும்பியது. மனைவியின் கதி மட்டும் அன்றும் இன்றும் எழுத்தில் என்ன இருக்கிறது என்பதையே பற்றி நிற்கிறது. இது என் கருத்து. சட்டத் துறை நண்பர்கள் மாறுபடலாம்.

லயத்தின் கதையைக் கேளுங்கள். தோட்டத் தொழிலாளிக்கு வீடு தரும் பொறுப்பைத் தோட்டத்துக்கு விதித்தது 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம். அத்தையும் தொழிலாளிதான். ஆனால் இருவரும் தொழிலாளராக இருக்கும் குடும்பத்தில் வீட்டை ஆண்பிள்ளை பெயரில் எழுதுவது அங்கே பழக்கமாக இருந்தது. மாமா வேலையை விட்டதும் வீட்டை ஒழித்துத் தரச் சொல்லிவிடுவார்களோ என்ற அச்சம் வந்தது. இத்தனைக்கும் ரேஷன் அட்டையில் அத்தைதான் குடும்பத் தலைவி! 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பிய மூத்த பெண்ணையே தலைவியாக்கியிருக்கிறது. அரிசிக்குத் தலைவி, கூரைக்கு விருந்தாளி.

இங்கே அவளுக்குக் கைகொடுத்தது 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். அடி உதைக்கு மட்டும் உள்ள சட்டம் அது என்றே நானும் அதுவரை கேள்விப்பட்டிருந்தேன். பொருளைப் பறிப்பதையும், வீட்டுச் செலவுக்குத் தராமல் வாட்டுவதையும் அது வன்முறை என்றே கொள்கிறது. வீடு யார் பெயரில் இருந்தாலும் வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து இருக்க மனைவிக்கு அதன் 17-ஆம் பிரிவு உரிமை தருகிறது. 18-ஆம் பிரிவோ, வழக்கு நடக்கும்போது சொத்தை விற்கவோ, வங்கிக் கணக்கையும் பெட்டகத்தையும் கையாளவோ கூடாது என்று தடுக்க நடுவருக்கு அதிகாரம் தருகிறது. இருவர் பேரிலும் உள்ள கணக்கு மட்டுமன்று, கணவன் ஒருவன் பேரில் உள்ள கணக்கும் அதில் அடங்கும். மனுவின் நகலோடு தோட்ட மேலாளரிடம் போனோம். அவர் நல்லவர், அத்தையும் தொழிலாளி என்பதைக் கணக்கில் கொண்டு இரண்டே வாரத்தில் வீட்டை அவள் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். கேட்கும்வரை எவருக்கும் அது தோன்றவில்லை, அவ்வளவுதான்.

நகைக்கு இவ்வளவு எளிதில் வழி பிறக்கவில்லை.

தாத்தா போட்டு அனுப்பியது 16 பவுன். அதில் 5 பவுன் கழுத்திலும் கையிலும் இருந்தது. மீதி 11 பவுனை மாமா ஜீப்பு வாங்கும்போது முன்பணத்துக்காக அடகு வைத்திருந்தார். அத்தைக்குத் தெரிந்து வைத்ததுதான். திருப்புவார் என்ற நம்பிக்கை. அடகுச் சீட்டு மாமா பெயரில். சீட்டை அவர் எடுத்துச் சென்றுவிட்டார். நல்லவேளையாக மகள் ஒருநாள் வட்டிக் கணக்குப் பார்ப்பதற்காக அந்தச் சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்திருந்தாள். எண்ணும் தேதியும் எடையும் அதில் தெளிவாக இருந்தன. அந்தப் படம் இல்லையென்றால் நகை எங்கே இருக்கிறது என்பதே தெரிந்திராது.

நகை அத்தையுடையது என்று எப்படிக் காட்டுவது? 1998-ஆம் ஆண்டு நாகர்கோவில் கடை ரசீது எவரிடம் இருக்கும்? தாத்தா அதை மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருப்பார் என்று பாட்டி சொல்ல, நாங்கள் பதினாறு பஞ்சாங்கங்களைக் கவிழ்த்துப் பார்த்தோம். கண்டது மயிலிறகும் கரப்பானும். கடைசியில் துணை செய்தது கலியாண ஆல்பம். படத்துக்குப் படம் எந்தச் சங்கிலி, எந்த வளையல் என்று எண்ணிப் பட்டியல் எழுதினோம். அடகுச் சீட்டில் இருந்த எடை விவரத்தோடு அது பொருந்தியது. கேரளத்துக் குடும்ப நீதிமன்றங்களில் நகையையும் பணத்தையும் திருப்பிக் கேட்கும் மனுக்கள் மிகுதி. அந்த மனுக்களில் இவ்வகை ஆல்பங்கள் சாட்சிக்கு வருவது அங்கே அன்றாடக் காட்சி. ஒரு பெண்மணி தன் ஆல்பத்தை மடியில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அட்டையில் பொன்னெழுத்தில் ‘இனிய நினைவுகள்’ என்று எழுதியிருந்தது.

சீதனம் பெண்ணின் முழு உடைமை, கணவன் கையில் அது இருந்தால் அவன் பாதுகாவலன் மட்டுமே, திருப்பித் தராவிட்டால் நம்பிக்கை மோசடிக் குற்றம் ஆகும் என்று உச்ச நீதிமன்றம் 1985-இலேயே தீர்ப்பளித்தது. பிறகு 2024 ஏப்ரல் 24 அன்று கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் அதை இன்னும் தெளிவாக்கியது. 2003-இல் மணமான அந்தப் பெண்ணுக்கு வீட்டார் போட்ட 89 பவுனையும் முதலிரவன்றே கணவன் வாங்கிப் ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று தன் தாயிடம் கொடுத்தானாம்; அது அவர்கள் பழைய கடனுக்குப் போய்விட்டது என்பது அவளது வழக்கு. 2011-இல் குடும்ப நீதிமன்றத்தில் வென்றாள். 2022-இல் உயர் நீதிமன்றத்தில், போதிய சான்று இல்லை என்று தோற்றாள். உச்ச நீதிமன்றம், சீதனம் கணவன் மனைவியரின் பொதுச் சொத்து ஆகாது. குற்ற வழக்கில் கேட்பது போல ஐயந்திரிபறச் சான்று கேட்பதும் முறையன்று. எது நடந்திருக்கக் கூடும் என்று எடைபோட்டாலே போதும் என்று கூறி, 25 லட்சம் ரூபாய் தரும்படி ஆணையிட்டது. 2003-இல் கைவிட்டுப் போன நகைக்கு 2024-இல் விலை! வென்றவள் என்று அவளை வாழ்த்துவதா, இருபத்தோரு ஆண்டு என்று பெருமூச்சு விடுவதா? நான் இரண்டையும் செய்தேன்.

அத்தைக்கு அந்தத் தீர்ப்பு வருவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. சீட்டின் எண்ணைக் குறிப்பிட்டு, நகை வழக்கில் இருக்கிறது, ஏலம் விடவோ பிறரிடம் கொடுக்கவோ வேண்டா என்று அடகுக் கடைக்கு வக்கீல் அறிவிப்பு அனுப்பினோம். கடை அப்படியே நிறுத்திவைத்தது. பிறகு நடந்ததைப் பின்னால் சொல்கிறேன்.

ஜீவனாம்சம் கேட்பதில்தான் எங்கள் வீட்டிலேயே சண்டை மூண்டது. அத்தைக்கு வேலை இருக்கிறது என்பது என் தந்தையாருக்குப் பெரிய இடையூறாகத் தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்: “நீ வேலய விட்டுரு. வேல இல்லாதவளுக்குத்தான் கோர்ட்டு கூடுதலா விதிக்கும். கையில உள்ளத எனக்க பேருல போட்டு வை. உனக்கிட்ட ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்திரலாம்.”

தங்கையின் மேல் உள்ள அன்பால் சொன்னார் என்பதில் ஐயமில்லை. இத்தகைய யோசனை சொல்லும் அண்ணன்மார் ஒவ்வொரு குடும்பத்திலும் இருப்பார்கள். அத்தை கொழுந்துக் கூடையின் வாரைத் தைத்துக்கொண்டே பதில் சொன்னாள்: “நாளைக்கு உனக்கும் எனக்கும் பிணக்கு வந்தா அந்தக் காசுக்கு நான் எந்தக் கோர்ட்டுக்குப் போவேன் அண்ணே?” அப்பா அன்று சாப்பிடாமலே பேருந்து ஏறினார்.

அவள் சொன்னதே சட்டத்துக்கும் ஒத்தது. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பாரும் வருமானம், சொத்து, கடன் அனைத்தையும் உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதித் தாக்கல் செய்ய வேண்டும் என்று விதித்தது. மனைவிக்குச் சம்பாத்தியம் இருப்பதனாலேயே ஜீவனாம்சம் மறுக்கப்படாது என்பதும் அதில் இருக்கிறது. பொய் எழுதினால் அதுவே தனி வழக்காகும். ஒளிப்பவர் கணவர்தான் என்று எண்ண வேண்டா; இருபுறமும் ஒளிக்கிறார்கள். அண்ணன் பெயருக்கும் மைத்துனன் பெயருக்கும் மாறிய பணம் வங்கி ஏட்டில் தேதியோடு தெரியும்.

அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு. ஜீவனாம்சம் விண்ணப்பித்த நாளிலிருந்து கணக்கிடப்படும். பிரிந்த நாளிலிருந்தும் அன்று, தீர்ப்பு வந்த நாளிலிருந்தும் அன்று. ‘ஆறு மாதம் பார்ப்போம், மனம் மாறி வருவார்’ என்று பாட்டி சொன்னதைக் கேட்டிருந்தால் ஆறு மாதத் தொகை வீண். வருவாராயின் மனுவைத் திரும்பப் பெறுவதற்குத் தடை ஏதும் இல்லையே! அத்தை 2021 நவம்பரில் மனுக் கொடுத்தாள். அப்போது அது 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அந்த உரிமை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில் இருக்கிறது. மன்றத்து ஆண் நண்பர்கள் முகம் சுளிக்க வேண்டா. இந்துத் திருமணச் சட்டத்தின் 24-ஆம் பிரிவுப்படி, வருமானம் இல்லாத கணவனும் மனைவியிடம் வழக்குச் செலவும் பிழைப்புத் தொகையும் கேட்கலாம்.

வக்கீலுக்குப் பணம்? பெண் என்ற ஒரு காரணத்தாலேயே, வருமானம் எவ்வளவானாலும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி இலவச வக்கீல் கிடைப்பார். வட்டச் சட்டப் பணிகள் குழுவில் ஒரு தாளில் விண்ணப்பம் எழுதினால் போதும். உண்மையான செலவு வேறு இடத்தில் இருந்தது. மலையிலிருந்து நெடுமங்காடு போய்வர ஒரு நாள் ஆகும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போயிற்று. அந்த நாட்களில் வீட்டுச் செலவைத் தாங்கியது குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் அவள் வாரந்தோறும் போட்டுவந்த சிறுசேமிப்பு. அது முதலிலிருந்தே அவள் ஒருத்தி பெயரில் இருந்தது. மாமா அதைக் ‘கடலை மிட்டாய்க் காசு’ என்று கேலி செய்வார்.

வருங்கால வைப்பு நிதியைப் பற்றி ஒரு செய்தி. வேலைக்குப் போகவிருக்கும் தோழியர் இதைக் குறித்துக்கொள்ளலாம். அத்தையின் வைப்பு நிதிக்கு மாமாதான் நாமினி. 1952-ஆம் ஆண்டு வைப்பு நிதித் திட்டத்தில் ஒரு விதி இருந்தது: பெண் உறுப்பினர் ஆணையருக்கு எழுத்து மூலம் அறிவித்தால் தன் குடும்பம் என்ற கணக்கிலிருந்து கணவனை நீக்கலாம். மணமுறிவு வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2022-இல் அத்தை அந்தக் கடிதத்தை எழுதி, மகள் பெயரை நாமினியாகப் பதிந்தாள். ஆயுள் காப்பீட்டிலும் அப்படியே. கணவனும் மனைவியும் பத்தாண்டு பேசாமல் இருந்தும் பழைய நாமினிப் பெயர் அப்படியே கிடக்கும் குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன். இறந்த பிறகுதான் இரண்டு வீட்டாரும் அலுவலக வாசலில் சந்திக்கிறார்கள்.

2023-இல் மாமா பேச்சுவார்த்தைக்கு இணங்கி வந்தார். நீதிமன்றச் சமரச மையத்தில் நான்கு அமர்வுகள். ஒருமனப்பட்ட மணமுறிவுக்கு, 13-பி பிரிவுப்படி, முதல் மனுவுக்கும் இரண்டாம் முறை ஒப்புதல் சொல்வதற்கும் நடுவே ஆறு மாதம் இருக்கிறது. தக்க வழக்குகளில் அதைத் தள்ளிவிடலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரண்டாம் முறை ஒப்புதல் சொல்லும்வரை இருவரில் எவரும் பின்வாங்கலாம். ஆகையால் பணம் எந்த நாளில் கைமாறுகிறது என்பதே உயிர்நிலை. எங்கள் வக்கீல் அம்மையார் இதில் கல்லாக நின்றார். 11 பவுனையும் மாமா திருப்பி முதல் மனு அன்றே ஒப்படைத்தார்; இரண்டு வளையல் குறைந்தது, அதற்கு விலை. ஒருமுறைத் தொகையாகப் பேசிய மூன்று லட்சத்துக்கு வரைவோலை. அது இரண்டாம் முறை ஒப்புதல் சொன்ன நாளில் நீதிபதியின் முன்பே கைமாறியது. மகளின் படிப்புச் செலவைத் தனியாக எழுதினோம். மணமாகாத மகளைப் பேணும் கடமை தந்தைக்கு உண்டு, தாய்க்குக் கொடுத்த தொகையில் அது கரைந்துவிடக் கூடாது. மாத ஜீவனாம்சமாக வாங்கியிருக்கலாமே என்று உறவினர் சிலர் இன்றும் சொல்கிறார்கள். நிலையான சம்பளம் இல்லாத மனிதரிடம் மாதந்தோறும் வாங்குவதற்கு மாதந்தோறும் மலை இறங்க வேண்டியிருக்கும் என்பது அத்தையின் கணிப்பு. அவள் கணிப்பே சரி என்பேன்.

2024 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. வெளியே வந்ததும் மாமா, “பிள்ளைகளப் பாத்துக்கோ” என்றார். அத்தை தலையசைத்தாள். இருவரும் ஒரே பேருந்து நிறுத்தத்தில் சிறிது இடைவெளி விட்டு நின்றார்கள். அவருக்குக் கீழே போகும் வண்டி, இவளுக்கு மேலே போகும் வண்டி.

ஒன்று மட்டும் தீரவில்லை. ஜீப்புக் கடனுக்கு அத்தை ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தாள். ஒப்பந்தச் சட்டம் 1872-ஆம் ஆண்டிலிருந்தே சொல்லிவருகிறது: கடன் வாங்கியவனுக்கு உள்ள பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் ஜாமீன்காரனுக்கும் உண்டு. மாமாதான் அடைக்க வேண்டும் என்று உடன்படிக்கையில் எழுதியாயிற்று. ஆனால் அந்த உடன்படிக்கை மாமாவையும் அத்தையையும் கட்டுமே ஒழிய, கையெழுத்துப் போடாத வங்கியைக் கட்டாது. வேறு ஜாமீன் கொடுத்து இவளை விடுவிக்கச் சொன்னோம். ஆள் கிடைக்கவில்லை என்றார். சென்ற ஆண்டு இரண்டு தவணை தவறிப்போய் அறிவிப்பு லயத்துக்கு வந்தது. அத்தை அதைக் கட்டி, ரசீதை வாங்கி, அந்தத் தொகையை மாமாவிடமிருந்து வசூலிக்க மனுக் கொடுத்திருக்கிறாள். ரசீதின் நகல் மூன்று எடுத்தோம்: ஒன்று வக்கீலிடம், ஒன்று என் விடுதிப் பெட்டியில், ஒன்று ஆல்பத்துக்குள். கடனில் இன்னும் ஏழு தவணை இருக்கிறது.